பூனையுடன் நிற்கும் ஆள்

அக்கா, முதலில் உட்கார். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வை. அப்பா உட்கார மாட்டார், கெட்ட செய்தி என்றால் நின்றுகொண்டு கேட்டால்தான் அவர் காதில் ஏறும். ஆனால் இது கெட்ட செய்தி இல்லை. கெட்ட செய்தி மாதிரி ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

"என் கல்யாணத்துக்கு லீவு கெடச்சுதா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுடா" என்று நேற்று போனில் கேட்டாய். ஒரே வார்த்தையில் அடங்குகிற விஷயமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? உனக்கு இருப்பது ஒரே தம்பி, அவன் வராமல் நீ மேடை ஏற மாட்டாய் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாய். அது தெரிந்துதான் போன மாதமே போய் லீவு கேட்டேன். லீவுப் பிரிவில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"தம்பி, லீவு எல்லாம் ஊழியர்களுக்குத்தான். நீங்க இப்ப ஊழியர் இல்ல. காட்சிப் பொருள்."

பதறாதே. வரிசையாகச் சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் அரண்மனையின் படம் உனக்கு அனுப்பியிருக்கிறேன். ராஜாக்கள் காலி செய்த பிறகு அது அருங்காட்சியகம் ஆனது. ராஜாக்களோடு கிளம்ப மறுத்தவை பூனைகள் மட்டும்தான். எலி பிடிக்க என்று யாரோ ஒரு ராஜா கொண்டுவந்த பூனைகளின் வாரிசுகள். நிலவறையில் குடியிருப்பு, மேலே உத்தியோகம். அவை எலி பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் வாலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றுகிற தோரணையைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று தோன்றும். அந்த வகையில் பூனைகளுக்கும் நிர்வாகத்துக்கும் நல்ல ஒத்துழைப்பு.

நான் ராணியின் ஒப்பனை அறைக்குக் காவலர். வேலை, நிற்பது. பயிற்சியின்போதே சொல்லிவிட்டார்கள்: "பாக்க வர்றவங்க கண்ணுல நீ படக் கூடாது. மூச்சு விட்டுக்கோ, வேணாங்கல. ஆனா அதை வெளிய காட்டிக்காத." நான் தற்காலிகம், விசா இவர்கள் கையில் இருக்கிறது. அதனால் உயிரைக் கொடுத்து நின்றேன். உன்னைப் போல நிற்கிறவனை நான் பார்த்ததே இல்லை என்று பயிற்சியாளர் சொன்னார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அது தலைக்கு ஏறி, கால் வழியாக இறங்கி, தரையில் வேர் விட்டுவிட்டது.

என் அறையில் இன்னொருவரும் உண்டு. மஞ்சள் நிறக் கடுவன் பூனை, ஒரு காதை யாரோ கடித்து நுனி இருக்காது. ராணி உட்கார்ந்து தலை வாரிய வெல்வெட் முக்காலியில் நாள் முழுக்கத் தூங்கும். யாராவது வேலை செய்தால் மட்டும் கண்ணைத் திறந்து, சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்கும். அதனால் நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுவோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு ஒரு முறை இங்கே எண் கட்டும் நாள் வரும். அரண்மனையில் உள்ள ஒவ்வொரு பொருளிலும் நூலில் கோத்த அட்டை ஒன்றைக் கட்டுவார்கள். இதில் முன்பெல்லாம் ஓயாத சண்டையாம். எது ராஜா உட்கார்ந்த நாற்காலி, எது பல்பு மாட்ட வந்தவர் ஏறி நின்ற நாற்காலி என்று அறிஞர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்களாம். கடைசியில் ஒரு இயக்குநர் வந்து பொதுவாக ஒரு விதி போட்டார். அரண்மனையை மூடிவிட்டு எண் குழு உள்ளே நுழையும்போது எது அசையாமல் இருக்கிறதோ அது அரண்மனைப் பொருள். எது அசைகிறதோ அது இல்லை. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாத விதி என்பதால் எல்லா அறிஞர்களும் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டார்கள்.

கிழக்கு மாடிப்படியில் ஒரு துடைப்பம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது அதனால்தான். பெருக்கிக்கொண்டிருந்தவர் சாப்பிடப் போன நேரத்தில் குழு வந்துவிட்டது. பக்கத்திலேயே பாதி குடித்த டீ கிளாஸ் ஒன்றும் இருக்கிறது. அந்த டீ குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு நிபுணர் சம்பளம் வாங்குகிறார்.

அன்றைக்குக் காலையில் காவலர்களுக்கு உத்தரவு வந்தது. அவரவர் இடத்தில் நிற்க வேண்டும், குழுவின் வேலைக்குக் குறுக்கே வரக் கூடாது. மற்றவர்கள் எல்லாம் அனுபவசாலிகள். ஒருவர் கொட்டாவி விட்டார், ஒருவர் போனைப் பார்த்தார், பெரிய வாசலைப் பார்த்துக்கொள்ளும் கதவு அண்ணன் குழு கிட்டே வந்ததும் வேண்டுமென்றே தும்மினார். நான் ஒருவன்தான் நின்றேன்.

எண் குழுவுக்குத் தலைமை நூல் மேடம். கையில் எப்போதும் நூற்கண்டு வைத்திருப்பதால் அந்தப் பெயர். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது போன தடவை இருந்துச்சா?" என்று உதவியாளரைக் கேட்டார்.

"ஞாபகம் இல்ல மேடம்."

"என்ன ஒரு வேலைப்பாடு. கண்ணைப் பாரேன், ஒரு பயம் தெரியுது. இப்பல்லாம் யாரு இப்படிச் செய்யறாங்க."

நான் ஊழியர் என்று சொல்லலாமா, சொன்னால் அது குறுக்கே வருவதாக ஆகுமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் சட்டைப் பித்தானில் அட்டை ஏறிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மேஸ்திரியின் கழுத்திலும் ஒன்று. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை ஒரே தொகுப்பு என்பது இன்னொரு விதி. அதனால் இருவருக்கும் ஒரே எண். முன்னால் இருந்ததால் மேஸ்திரி 'அ', நான் 'ஆ'.

அப்புறம்தான் எனக்குக் குரல் வந்தது. "மேடம், நான் இங்க காவலர்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அதைக் கட்டுறதுக்கு முன்னாடி சொல்லணும்."

"இப்ப அவுத்துடுங்களேன்."

"கட்டுறது என் வேலை. அவுக்கிறது நீக்கக் குழுவோட வேலை."

"அவங்க எப்ப கூடுவாங்க மேடம்?"

"கூட முடியாதே. போன தடவை அவங்க மேசைக்கும் எண் கட்டிட்டோம். காட்சிப் பொருள் மேல கைய ஊனிப் பேச முடியுமா?"

நான் குதித்தேன் அக்கா. விதிப்படி அசைகிறது பொருள் இல்லை அல்லவா? கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், நாலு பேர் பார்க்க ஒப்பனை அறையில் ஒரு ஆட்டமே போட்டேன். நூல் மேடம் முகம் மலர்ந்துவிட்டது. "இயங்குது" என்றார். ராஜா காலத்துப் பொம்மைப் பறவைகள் சில இங்கே உண்டு, சாவி கொடுத்தால் தலையை ஆட்டும். என்னையும் அந்த வகையில் சேர்த்துவிட்டார்கள். உதவியாளர் என் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாவி காணலை மேடம்" என்றார். அட்டையில் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவர் பிரஷ் சார். பொருள்கள் கெடாமல் பாதுகாப்பது அவர் பொறுப்பு. சட்டைப் பையில் சின்ன பிரஷ், கையில் வெள்ளைக் கையுறை. மனிதர்களிடம் பேசி அவருக்குப் பழக்கமில்லை, என்னிடமும் பேசவில்லை. என்னைப் பற்றி உரக்கச் சொன்னார், உதவியாளர் எழுதினார். "முழங்கையில் தேய்மானம். கடைவாய்ப் பல் ஒன்று பிற்காலச் சேர்க்கை. முடி அசல், வெட்டக் கூடாது. வயிற்றுக்குள்ள ஏதோ சத்தம், காரணம் தெரியலை." காலையில் சாப்பிடவில்லை சார் என்றேன். "பொருள் ஒலி எழுப்புகிறது" என்று எழுதச் சொன்னார்.

பிறகுதான் பயமே வந்தது. துணி உடுத்திய பொருள் என்றால் அந்துப்பூச்சி இருக்கலாமாம். பழைய அங்கிகளை எல்லாம் வைக்கிற பெரிய ஃப்ரீசர் ஒன்று கீழே இருக்கிறது. அதில் ரெண்டு வாரம் வைத்து எடுத்தால் பூச்சி செத்துவிடும் என்றார். பூச்சி மட்டுமா சார் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கதவு அண்ணன்தான் குறுக்கே வந்தார்.

"சார், எதுக்கும் வரிசைப்படி செய்யுங்க. 'அ' முதல்ல, 'ஆ' அப்புறம்."

பிரஷ் சார் மேஸ்திரியைத் தூக்கப் போனார். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவர் கையுறை போட்டிருந்த கையில் கட்டும் போட்டிருந்தார். பூச்சி இல்லை என்று இருவருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது.

பொருளாக இருப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை அக்கா. நான் நிற்பேன், ஆனால் மேஸ்திரி நிற்குமா? கண் விழித்தால் கிளம்பிவிடும். தொகுப்பைப் பிரிக்கக் கூடாது என்பதால் அது போகிற இடத்துக்கெல்லாம் நானும் கைக்கெட்டும் தூரத்தில் போக வேண்டும். ராஜாவின் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். பீரங்கியின் வாய்க்குள் தலையை விட்டேன். சிம்மாசனத்துக்குப் பின்னால் மேஸ்திரி செய்யக் கூடாத ஒன்றைச் செய்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

முதல் நாள் ஒரு குடும்பம் எங்கள் பின்னாலேயே வந்தது. ஏதோ சுற்றிக் காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் ஒரு பேருந்து நிறைய ஆட்கள். சிம்மாசன அறை ஈ ஓட்டியது. நிர்வாகம் உடனே விழித்துக்கொண்டு எங்களுக்குத் தனி டிக்கெட் அடித்தது, கூடவே ஒரு பலகை: "பூனையுடன் நிற்கும் ஆள். காலம் தெரியவில்லை. தோற்றம், வெளிநாடு. பயன்பாடு தெரியவில்லை."

என் எதிரிலேயே கருத்தரங்கு நடந்தது. பூனைக்காக ஆள் செய்யப்பட்டதா, ஆளுக்காகப் பூனை செய்யப்பட்டதா என்று ரெண்டு பேராசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். "பூனைதான் மூலம், ஆள் வெறும் துணைப்பகுதி" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். நான் கையைத் தூக்கி, நான் பிறந்த ஊர் எனக்குத் தெரியும் என்றேன். "பொருளே தன்னைப் பத்திச் சொல்றத ஆதாரமா எடுத்துக்க முடியாது" என்று ரெண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகச் சொன்னார்கள்.

இதற்கு நடுவில் என் விசா முடிந்துபோனது. இது அப்பா காதில் விழாமல் பார்த்துக்கொள். குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இயக்குநர் அவரை வாசலிலேயே மடக்கினார்.

"அனுமதி முடிஞ்சா ஆளைத்தானே திருப்பி அனுப்பணும்? இது ஆள் இல்ல, தேசியச் சொத்து. எல்லை தாண்டினா உங்க மேல கடத்தல் கேஸ் போடுவேன்."

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"ஃபிளாஷ் மட்டும் போடாதீங்க."

அவர் போனதும் எனக்கு ஒரு நிமிஷம் தலை கிறுகிறுத்துப்போனது. எந்தப் பயத்தில் நான் தினமும் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தேனோ அந்தப் பயம் ஒழிந்தது. இனி யாராலும் என்னை அனுப்ப முடியாது. அடுத்த நிமிஷம் உன் முகம் ஞாபகம் வந்தது. யாராலும் அனுப்ப முடியாது என்றால் நீ கூப்பிட்டாலும் வர முடியாது. இயக்குநரின் பின்னால் ஓடினேன், மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு.

"சார், அடுத்த வெள்ளிக்கிழமை எங்க அக்காவுக்குக் கல்யாணம். நான் போகணும் சார்."

அவர் என் தோளைத் தட்ட வந்து, நான் பொருள் என்பது ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டார். "இங்க பாரு. நீ வேலையில இருந்தப்ப தினமும் உன்னைத் தாண்டித்தான் போவேன். உன் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது, இப்பவும் தெரியாது. ஆனா உன் நம்பர் எனக்கு மனப்பாடம். நீ நனையக் கூடாதுன்னு கூரைய மாத்தியிருக்கேன். மத்த காவலர்கள் பத்து வருஷமா நனையறாங்க. ஒரு நிறுவனம் உனக்கு இதுக்கு மேல என்ன செய்யணும்?"

"அக்கா கல்யாணம் சார்."

"பொருளுக்கு ஏதுப்பா அக்கா? ஜோடிப் பொருள் வேணா இருக்கலாம். உங்க அக்கா வேற ஏதாவது மியூசியத்துல இருந்தா சொல்லு, முறையா எழுதிக் கேக்கலாம்."

நான் வாசலுக்கு வந்து, மேஸ்திரி உட்கார்ந்த படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பொருளில் ஈரம் படக் கூடாது என்பதால் ஒருவர் ஓடி வந்து ஒற்றி எடுத்தார். கதவு அண்ணன் அவரை விரட்டிவிட்டு என் முன்னால் குந்தினார்.

"வேற மியூசியம்னு சொன்னாரா? டேய், போன வருஷம் ராணியோட செருப்பு மூணு நாடு சுத்திட்டு வந்துச்சு. கண்காட்சிக்குன்னு கேட்டா இரவல் குடுப்பாங்க. உங்க வீட்டுல ஏதாவது கண்காட்சி நடக்குதா?"

"கல்யாணம்தாண்ணே நடக்குது."

"கூட்டம் வருமா?"

"வரும்."

"எல்லாரும் உன்னைச் சுத்தி நின்னு பாப்பாங்களா?"

"எளச்சுட்டான், கறுத்துட்டான்னு சொல்லிச் சொல்லிப் பாப்பாங்க."

"அப்புறம் என்ன? கண்காட்சிதான் அது. எழுதிப் போடு."

அப்படித்தான் நம் வீடு 'குடும்ப வரலாற்று அருங்காட்சியகம்' ஆனது. போன வாரம் யாரோ ஒரு பெண் போன் செய்து வீட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள், வாடகைக்குப் பார்க்கிறவள் போலிருக்கிறது என்று அம்மா சொன்னார் அல்லவா? அது நூல் மேடம். உள்ளே ஈரம் எவ்வளவு என்று கேட்டாராம். "துணி காய ரெண்டு நாள் ஆகும்மா" என்று அம்மா சொன்னாராம். வெளிச்சம் எப்படி? "மத்தியானம் ஜன்னல் வழியா கண்ணு கூசும், பழைய போர்வைய மாட்டி வெச்சிருக்கேன்." பூச்சித் தொல்லை உண்டா? "கரப்பான் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்." உள்ளே வருகிறவர்களைக் கட்டுப்படுத்த ஏற்பாடு? "என்னைத் தாண்டி ஒருத்தர் உள்ள வந்துட முடியுமா?"

நூல் மேடம் அசந்துபோய் என்னிடம் வந்தார். "எத்தனையோ நிறுவனத்துக்குப் பொருள் அனுப்பியிருக்கேன். கரப்பான் இருக்குன்னு ஒத்துக்கிட்டவங்க இவங்க ஒருத்தர்தான். அவங்கதான் டைரக்டரா?"

"ஆமா மேடம். அப்பா வெறும் ஊழியர்."

அனுமதி நேற்று சாயங்காலம் வந்துவிட்டது அக்கா. நீ போனில் கேட்டபோது இன்னும் கையெழுத்தாகவில்லை, அதனால்தான் மழுப்பினேன். வியாழக்கிழமை காலை வந்து இறங்குகிறேன். என்னையும் மரப்பெட்டியில் அடைத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு பேச்சு இருந்தது. விமானக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரிக்குப் பெட்டி, எனக்கு ஜன்னலோர இருக்கை, பக்கத்தில் காவலுக்குப் பிரஷ் சார். ஞாயிற்றுக்கிழமை எங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவருக்கும் ஒரு பாய் போட்டு வை. சாப்பாட்டில் காரம் குறை, பேச்சுக் கொடுக்காதே, மிரண்டுவிடுவார்.

நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை வீட்டில் பக்குவமாக எடுத்துச் சொல். மேடையில் நான் உன் பக்கத்தில் நிற்பேன், எனக்கு இடது கைப்பக்கம் மேஸ்திரி, எங்கள் முன்னால் பலகை. மாப்பிள்ளை எங்கே நிற்பார் என்று பிரஷ் சார் கேட்டார், தொகுப்பை மறைக்காமல் ஓரமாக நிற்பார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போட்டோக்காரர் ஃபிளாஷ் போடக் கூடாது. சித்தப்பா முதுகில் அறைந்து விசாரிக்கக் கூடாது. பெரியம்மா கன்னத்தைக் கிள்ளக் கூடாது. குழந்தைகள் சாவியைத் தேடக் கூடாது. எல்லோரும் கைக்கெட்டாத தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இன்று மத்தியானம் பிரஷ் சார் தன் அறையில் என்னைக் கடைசியாகச் சோதித்தார். தலை முதல் கால் வரை தூசி தட்டினார். மேஸ்திரியின் காதை எழுதினார், என் முழங்கையை எழுதினார். அப்புறம் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, என்னிடமே கேட்டார்.

"அங்க பொருளை யாராவது தொட வாய்ப்பு இருக்கா?"

"ஒருத்தர் தொடுவாங்க சார். எங்க அம்மா."

"அறிவிப்புப் பலகை வெச்சா?"

"படிக்க மாட்டாங்க."

"கயிறு கட்டினா?"

"தாண்டுவாங்க."

"கையுறையாவது போட்டுக்குவாங்களா?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மேஸ்திரி கீறிய தழும்பைக் கையுறைக்கு மேலேயே தடவிக்கொண்டார்.

"சரி," என்றார். "அந்த நேரத்துல நான் பூனையைச் சோதிச்சுக்கிட்டிருக்கேன்."